கொம்பனுக்கு இரண்டு உயிர்

சூடேறிய அடாப்டரின் பிளாஸ்டிக் வாடை என் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை. கோரிப்பாளையத்துச் சந்து ஒன்றில் இருந்த என் அத்தை வீட்டு முன்னறையில், டி.வி.க்குக் கீழே ஒரு கறுப்புக் கேம் பெட்டி இருந்தது. அரை மணி நேரம் ஓடினால் அதன் அடாப்டர் தோசைக்கல் மாதிரி காயும், காய்ந்தால் படம் உறைந்து நின்றுவிடும். அதனால் மடித்த செய்தித்தாளை வைத்துக்கொண்டு அதற்கு விடாமல் விசிற ஓர் ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆள் நான்தான். மே மாத விடுமுறை முழுக்க என் கை விசிறியது, அத்தை மகன் பிரபு விளையாடினான்.

எங்கள் ஊர் அலங்காநல்லூர்ப் பக்கம். வயலும் கரும்பும் உண்டு, கேம் பெட்டி கிடையாது. அப்பாவுக்கு ஒரே அக்கா, அவள்தான் இந்த அத்தை. அக்கா கிழித்த கோட்டை அப்பா தாண்டியதை நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் தம்பி மகள் அக்காவின் மகனுக்கு உரியவள். கேட்டு வாங்க வேண்டியதில்லை, பிறக்கும்போதே பேசி முடித்த மாதிரிதான். நான் தொட்டிலில் கிடந்தபோதே அத்தை வந்து என் காலுக்குக் கொலுசு போட்டு, "இனி இவ எங்க வீட்டுப் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். வீட்டில் இதை எத்தனையோ முறை சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அம்மா மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை, ஆனால் அம்மாவை யாரும் கேட்கவும் இல்லை.

பிரபு என்னைவிட இரண்டு வயது மூத்தவன். கெட்டவன் இல்லை, ஆனால் பெரிய அலட்டல் பேர்வழி. "ஏ மலரு, தண்ணி கொண்டா", "ஏ மலரு, காத்து பத்தல, நல்லா வீசு" என்று திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே ஏவுவான். ஒருமுறை கன்ட்ரோலரைத் தரச் சொல்லிக் கேட்டால், "பொம்பளப் புள்ள இத வாங்கி என்னா செய்யப் போற?" என்பான். ஆனால் அவன் ஆடுவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஏரிக்குள்ளிருந்து தலை தூக்கும் பாம்பையும், ஒருவனை வெட்டினால் இன்னொருவன் கோபம் கொண்டு வேகமெடுக்கும் இரட்டை வாள்காரர்களையும், உத்தரத்தில் தொங்கியபடி நூல் எறியும் எட்டுக்கால் கிழவியையும் அவன் வாடிவாசல் மைக்காரர் குரலில் கத்திக்கொண்டே அடித்து வீழ்த்துவான். "மாடு வருது, மாடு வருது, ஒதுங்கிக்கங்கப்பா!" என்று அவன் முழங்கும்போது நானும் விசிறுவதை மறந்து வாய் பிளந்துவிடுவேன், உடனே படம் உறையும், உடனே எனக்குத் திட்டு விழும்.

இவர்களுக்கெல்லாம் மேலே ஒருவன் இருந்தான், கடைசி பாஸ். மூன்றாள் உயரம், நெற்றியில் வளைந்த இரண்டு கொம்பு, கையில் இரும்புச் சங்கிலி. பிரபு அவனுக்குக் "கொம்பன்" என்று பெயர் வைத்திருந்தான். திரையின் மேலே கொம்பனின் உயிர் ஒரு சிவப்புக் கோடாக ஓடும், அடி விழ விழ அந்தக் கோடு தேயும். எத்தனையோ நாள் செத்துச் செத்து, ஒருநாள் பிரபு அந்தக் கோட்டைத் துடைத்தே விட்டான். கொம்பன் மண்டியிட்டுச் சரிந்தான். பிரபு கன்ட்ரோலரைத் தரையில் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே சுற்றியபடி சந்துக்கே ஓடி, "டேய், கொம்பனச் சாச்சுட்டேன்டா!" என்று ஆட்டம் போட்டான். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான். சரிந்தவன் முதுகு புடைத்தது, கொம்பு இரண்டு நான்கானது, சிவப்புக் கோடு மறுபடி முழுசாக நிரம்பியது. எழுந்து வந்தவன், ஆளில்லாமல் நின்ற பிரபுவின் வீரனை ஒரே வீச்சில் கொன்றான். "ஏய், எந்திரிச்சுட்டான்!" என்று நான் கத்தியது சந்து வரைக்கும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பிரபுவுக்குக் கொம்பன் மேல் பயம் தட்டிவிட்டது. இரண்டாவது முறை எழுவான் என்று தெரிந்ததுமே முதல் சுற்றிலேயே அவன் அவசரப்பட்டு அடிக்க ஆரம்பித்தான். அந்த மே மாதத்தில் அவனால் கொம்பனை மறுபடி மண்டியிட வைக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைப் பார்க்க வந்தார். மாமாவின் சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள், வீடு நிறையக் கறிச்சோற்று வாசம். நான் வழக்கம்போல் பெட்டியருகே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். இலை போட வந்த அத்தை என்னைக் கைகாட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பாருங்க, இவ எம் மகனுக்குன்னே பொறந்தவ. இப்பவே அவனுக்கு வீசிப் பழகுறா!" என்றாள். வீடே சிரித்தது. பிரபு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா, இலை முன்னால் உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஊர் சிரித்ததை விடுங்கள், அத்தை சிரித்ததையும் விடுங்கள். அப்பா சிரித்ததைத்தான் என்னால் விட முடியவில்லை. செய்தித்தாளை வீசி எறிந்துவிட்டு எழுந்தேன். "நான் கொம்பனைக் கொன்னுட்டேன்னா, இனிமே என்னைய அவனுக்குன்னு யாரும் சொல்லக் கூடாது. கட்டிக் குடுக்கவும் கூடாது!" என்று கத்தினேன். முன்னைவிடப் பெரிய சிரிப்பு எழுந்தது. அத்தை இடுப்பில் கைவைத்து, "அடி ஆத்தி, ரோசத்தப் பாரு! சரிடி, கொன்னு காட்டு. அத்தை பேச்சு மாற மாட்டா. பேச்சுன்னா பேச்சுதான்" என்றாள். அப்பா என்னைக் கூட்டிப்போக வரும் நாள்தான் கெடு என்று முடிவானது.

அன்றிலிருந்து நான் விசிறியது காற்றுக்காக அல்ல, வேவு பார்ப்பதற்காக. பிரபு செத்துக்கொண்டே இருந்தான், நான் கற்றுக்கொண்டே இருந்தேன். கொம்பன் சங்கிலியைத் தலைக்கு மேலே சுற்றினால் குனிய வேண்டும், தரையில் இழுத்தால் குதிக்க வேண்டும், மூச்சு வாங்க நிற்கிற அந்தக் கண் இமைக்கும் நேரத்தில்தான் அடிக்க வேண்டும். பேராசைப்பட்டு இன்னோர் அடி சேர்த்து அடித்தால் நாம் காலி, பிரபு ஒவ்வொரு முறையும் செத்தது அந்த இன்னோர் அடியில்தான். காலையில் அவன் கணக்கு டியூஷனுக்குப் போன பிறகு, மதிய சீரியலுக்கு அத்தை டி.வி.யைக் கைப்பற்றும் வரைக்கும் பெட்டி என்னுடையது. ஒரு கையால் விசிறிக்கொண்டு ஆட முடியாது அல்லவா, அதனால் அடாப்டரை அலுமினியத் தட்டில் தூக்கி வைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன். படம் உறையவே இல்லை. இம்புட்டு நாளும் ஃபேன் பிரபு முதுகுக்குத்தான் ஓடியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது, அந்தக் கோபத்தையும் கொம்பன் கணக்கில் சேர்த்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், ஆடும்போது எனக்குக் கொம்பன் முகம் தெரியாது. ஒருநாள் அத்தை முகம் தெரியும், ஒருநாள் காலர் தூக்கிய பிரபு முகம். சில நாள், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, அப்பாவின் சிரித்த வாய் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பேன்.

அந்த நாள் வந்தது. அப்பா நாற்காலியில், மாமா வாசற்படியில், அத்தை அடுப்படிக் கதவில் சாய்ந்து. பிரபு எனக்குப் பக்கத்திலேயே சப்பணமிட்டு, "மாடு பாயுது, புள்ள பறக்குது" என்று மைக் குரலில் நக்கல் அடித்துக்கொண்டிருந்தான். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குனிந்தேன், குதித்தேன், ஓர் அடி அடித்து விலகினேன். கோடு பாதியானதும் பிரபுவின் மைக் அடங்கியது. கோடு தீர்ந்து கொம்பன் மண்டியிட்டபோது அப்பா "ஜெயிச்சுருச்சா?" என்று எழுந்தார். நான் கன்ட்ரோலரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். "உக்காருங்கப்பா, எந்திரிப்பான்" என்றேன். எழுந்தான். நான்கு கொம்போடு, இரட்டை வேகத்தோடு வந்தான். உள்ளங்கை வியர்வையில் பொத்தான் வழுக்கியது, என் உயிர்க்கோடு நூலாகத் தேய்ந்தது, ஆனாலும் அந்த இன்னோர் அடிக்கு நான் ஆசைப்படவே இல்லை. கடைசியில் அவன் மூச்சு வாங்க நின்றான், அடித்தேன். கொம்பன் பொடிப்பொடியாக உதிர்ந்தான், திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின.

நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன். பிரபுவின் வாய் திறந்தபடி இருந்தது. அத்தை ஓடி வந்தாள், என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல் மடக்கிப் படபடவென்று சொடக்கு முறித்தாள். "எம் மருமகடா! எம் மகன அடக்க இவதான் சரியான ஆளு. தம்பி, முடிவே பண்ணிட்டேன், இவள விட்டா வேற எவ?" என்றாள். வீடு மறுபடி சிரித்தது. "அத்தை, பேச்சு..." என்றேன். "அட, அது வெளையாட்டுக்குச் சொன்னதுடி!" என்று சொல்லி என் வாயில் ஒரு மைசூர்பாகைத் திணித்தாள்.

கொம்பன் எழுந்துவிட்டான். நான்தான் கன்ட்ரோலரைக் கீழே வைத்திருந்தேன்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தேன். "அத்தை சும்மா சொல்றாம்மா, பெருசா எடுத்துக்காத" என்றார் அப்பா. "நீங்க ஏன்ப்பா சிரிச்சீங்க?" என்று கேட்டேன். பஸ் ஊர் போய்ச் சேரும்வரை அப்பா கையிலிருந்த டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே வந்தார்.

வருடங்கள் ஓடின. நான் கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு முகூர்த்த நாளில் அத்தை பூவும் பழமும் வெற்றிலையும் நிறைந்த தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "பொண்ணு கேக்க வரல, எங்க புள்ளயக் கூட்டிட்டுப் போக நாள் குறிக்க வந்துருக்கேன்" என்றாள். இதற்காகத்தான் நான் இத்தனை வருடம் மனசுக்குள் கன்ட்ரோலரைக் கீழே வைக்காமலேயே இருந்தேன். "அத்தை, நான் கொம்பனைக் கொன்னுட்டேன்ல? மறந்துட்டீங்களா?" என்றேன். அத்தைக்குச் சட்டென்று புரியவில்லை, புரிந்ததும் சிரித்தாள். "அடியே, சின்னப் புள்ளைக வெளையாட்டு அது!" என்று சொல்லி, ஆதரவுக்கு அப்பா முகத்தைப் பார்த்தாள். அவர் சிரிப்பார் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "நீதானக்கா சொன்ன, பேச்சுன்னா பேச்சுதான்னு. புள்ள ஜெயிச்சுருச்சு. நான் அங்கதான் இருந்தேன், பாத்தேன்" என்றார்.

அத்தை தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். படியிறங்கும்போது ஓர் எலுமிச்சம்பழம் உருண்டு வாசலில் விழுந்தது, அதை அவள் எடுக்கவும் இல்லை. எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்த மைசூர்பாகைவிட ஆயிரம் மடங்கு இனித்தது. ஆனால் அதன் விலையை அப்பாதான் கொடுத்தார். அத்தை அதற்குப் பிறகு எங்கள் வாசல் மிதிக்கவில்லை, பொங்கலுக்கு அப்பா கொண்டுபோன கரும்புக் கட்டு அவள் வீட்டுக் கதவோரம் அப்படியே காய்ந்து கிடந்ததாம். அவர் அதை என்னிடம் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. அவரைப் பாடையில் வைத்த அன்றுதான் அக்கா வந்து தம்பி நெஞ்சில் விழுந்து அழுதாள். அதற்காக அவளை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை.

கோரிப்பாளையத்தில் அந்த வீடு இப்போது இல்லை, அது இருந்த இடத்தில் மாடி மாடியாகக் கடைகள். கேம் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டதாகப் பிரபு சொன்னான். அவன் வேறிடத்தில் பெண் கட்டி, நன்றாகத்தான் இருக்கிறான், என்னைப் பார்த்தால் இன்னும் "கொம்பன் எப்படி இருக்கான்?" என்று கேட்பான். நாங்கள் இரண்டு பேரும் தப்பித்தோம் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

போன மாதம் சமயநல்லூரில் என் தம்பி புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினான். அவன் மகள், எனக்கு மருமகள் முறை, மூலையில் சுவரில் சாய்ந்து செல்போனில் ஏதோ ராட்சசனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து பார்த்தேன், அவன் சரிந்து விழுந்தான். "செத்துட்டானா?" என்றேன். போனை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இல்ல அத்தை, இவய்ங்க திரும்ப எந்திரிப்பாய்ங்க" என்றாள்.

அப்பா சாவுக்குப் பிறகு மறுபடி வந்துபோகத் தொடங்கியிருந்த என் அத்தை, அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தபடி, பல்லெல்லாம் போன வாயோடு, என்னோடு வந்திருந்த என் மகனையும் அந்தப் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்து, "மலரு, என்னா யோசன? தம்பி மக ஒனக்குத்தான சொந்தம்? ஓம் மகனுக்குன்னே பொறந்தவடி இவ!" என்றாள். வீடே சிரித்தது. என் மகன் நெளிந்தான். என் தம்பி, அப்பாவின் அதே தலையாட்டலோடு, சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பிள்ளை விளையாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அவள் தன் அப்பனைப் பார்க்கவில்லை, அத்தையான என் முகத்தைத்தான் பார்த்தாள்.

நான் சிரிக்கவில்லை.