இடக்கையால் எடுத்த படங்கள்

சென்ற வாரம் காலையில், துடியலூரில் என் ஸ்டுடியோவின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது பூங்கொடி அவர்களின் கணவர் பழனிசாமி அண்ணன் போனில் அழைத்தார். "ரபீக்குங்களா... பூங்கொடி போயிட்டாளுங்க" என்றார். இரண்டாவது முறையாக வந்த பக்கவாதம், தூக்கத்திலேயே கொண்டுபோய்விட்டது.

பூங்கொடி அவர்கள் என் ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைக்க வந்தவர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நாங்கள் எடுத்து வரும் கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி அழகாக்குவது அவர் வேலை. "ஏனுங்க, எல்லாக் கல்யாணத்துலயும் ஒரே படத்தத்தான் எடுத்துட்டு வாரீங்க. மூஞ்சி மட்டும் மாறுது" என்று ஒருநாள் சிரிக்காமல் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. "அப்படின்னா நீங்களே போய் எடுங்க பாக்கலாம்" என்று கேமராவை நீட்டினேன். மறுக்கவில்லை; வாங்கிக்கொண்டார்.

அன்று அவர் எடுத்தவற்றில் பாதி கலங்கல். ஆனால் ஒரு படத்தில், மகளை மேடையில் விட்டுவிட்டு வந்த தாய், மண்டபத்துச் சமையற்கட்டு ஓரம் நின்று அவசரமாக ஒரு வாய் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிக் கேட்டார்கள். அதன்பின் அவரைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைக்க என்னால் முடியவில்லை.

தொழில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் முதல் முறை பக்கவாதம் வந்தது. கால் தேறியது; வலக்கை தேறவில்லை. கேமராவின் பட்டன் இருப்பதோ வலப்பக்கம். "போதும் அம்மணி, ஊட்டுல இரு" என்றார் பழனிசாமி அண்ணன். நானும் பழையபடி ஆல்பம் வேலைக்கு வரச் சொன்னேன். இருவருக்கும் ஒரே பதில்தான்: "கை போனதுக்குக் கண்ணையும் சேத்து மூடச் சொல்றீங்களா?"

ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்து, எடை குறைந்த கேமரா ஒன்றைக் கேட்டு வாங்கினார். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, பட்டன் இடப்பக்கம் வரும்படி பிடித்தார். ஸ்டுடியோ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேட்டுப்பாளையம் ரோட்டில் விரையும் பஸ்களை எடுக்கத் தொடங்கினார். கை நடுங்கியது. படங்கள் தலைகீழாகவும் கலங்கலாகவும் வந்தன. "தலைகீழா வந்தாத் திருப்பிப்போடலாமுங்க. கலங்கினதைத்தான் ஒண்ணும் பண்ண முடியாது. கையப் பழக்கோணும்" என்றார். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்தார். பஸ்ஸின் பெயர்ப்பலகை தெளிவாக விழுந்த அன்று கடைக்காரர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

அதன்பின் கல்யாணங்களுக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் மனதில் வேறொன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சிக்குப் போன இடத்தில் தன்னைப் போன்ற பலரைப் பார்த்திருக்கிறார். "நோவு வந்தப்பறம் ஒருத்தருமே போட்டோவுக்கு நிக்கிறதில்லீங்க. நானே சேலைக்குள்ள கைய மறைச்சுக்கறேன். இவங்களத்தான் நான் எடுக்கப் போறேன்" என்றார்.

முதலில் போனது மேட்டுப்பாளையத்துக்கு. காய்கறி மண்டியில் மூட்டை தூக்கி, விபத்தில் ஒரு கையை இழந்த ரங்கசாமி என்பவரைப் பார்க்க நானும் கூடப் போனேன். "எதுக்குங்க அம்மணி? பாத்தவங்க பாவம்னு உச்சுக்கொட்டறதுக்கா?" என்று அவர் எழுந்து போய்விட்டார். நான் திரும்பிவிடலாம் என்றேன். பூங்கொடி அவர்கள் மறுவாரமும் போனார். சேலைக்குள்ளிருந்து தன் வலக்கையை வெளியே எடுத்து வைத்தார். கேமராவை ரங்கசாமியிடம் கொடுத்து, "முதல்ல நீங்க என்னைய எடுங்க. கை தெரியறாப்புல எடுங்க" என்றார்.

ரங்கசாமி எடுத்தார். படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நான் கேரம் ஆடறப்ப எடுப்பீங்களா? இந்த மண்டில என்னைய ஜெயிக்க ஆளில்லீங்க" என்றார். மூட்டைகளுக்கு நடுவே, சிவப்புக் காயைக் குறிபார்த்து அவர் சிரிக்கும் அந்தப் படத்தை எடுத்த பிறகுதான், தான் எதற்குக் கேமராவைத் தொட்டோம் என்பது தனக்கு விளங்கியதாகப் பூங்கொடி அவர்கள் சொன்னார்.

படங்கள் சேர்ந்ததும் ஆர்.எஸ்.புரத்தில் ஓர் அமைப்பினர் கண்காட்சி வைக்க முன்வந்தார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் அவரவர் நோயையும் துயரத்தையும் எழுத வேண்டும் என்றார்கள். "பேரும் தொழிலும் போதுங்க" என்றார் இவர். அவர்கள் விடவில்லை, இவரும் விடவில்லை. கடைசியில் அரங்கு கைநழுவியது. எனக்கு ஆத்திரம். அவரோ, முகூர்த்தமில்லாத ஒரு ஞாயிறன்று துடியலூரில் சும்மா கிடந்த கல்யாண மண்டபத்தைப் பிடித்தார். படத்தில் இருந்தவர்களெல்லாம் குடும்பத்தோடு வந்தார்கள். ரங்கசாமி தன் படத்துக்கு முன்னால் நின்று, அந்தக் காய் எப்படி விழுந்தது என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். கை மடங்கிய ஒரு பாட்டுடீச்சர், மண்டப மேடையில் ஏறிப் பாடவே தொடங்கிவிட்டார். ஓர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பூங்கொடி அவர்களின் முகத்தில் அத்தனை நிறைவை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அன்னூரில் ஒரு தையற்காரப் பெண்மணியை நேற்று எடுக்க வருவதாக அவர் சொல்லி வைத்திருந்தார். விபத்துக்குப்பின் ஒற்றைக் காலால் மிஷின் மிதிப்பவர். தகவல் சொல்லிவிட்டு வரலாமென்று நான் போனேன். அவர் புதுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, வாசலில் காத்திருந்தார்.

சொன்னேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, தையல் மிஷின் முன் உட்கார்ந்தார். "கேமரா கொண்டாந்திருக்கீங்களா? வெயில் எறங்கறதுக்குள்ள எடுத்துப்போடுங்க" என்றார்.

எடுத்தேன். படம் தெளிவாக வந்திருக்கிறதுங்க, பூங்கொடி. கீழே அவர் பேரும் தொழிலும் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். நீங்கள் நிம்மதியாகப் போங்க.