பெண்கள் தொட்ட பாவு

ராசிபுரத்தில் எங்கள் தெருவில் பாவு நீட்டினால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. தறிக்குப் போகும் நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டி, கஞ்சி தோய்ப்பார்கள். அது காய்வதற்குள் இருபக்கமும் ஆட்கள் நடந்து, பிரஷ் போட்டு, இழைகளைப் பிரிக்க வேண்டும். தாமதித்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும். அதனால் பேச்சுவார்த்தை இல்லாதவர்கூட வந்து நிற்பார். ஆண்கள் மட்டும்தான். பெண்கள் வீட்டுக்குள் நூல் சுற்றுவோம். கஞ்சி தோய்த்த பாவைத் தொடக் கூடாது.

வழக்கம்போல வருவார்கள் என்று நம்பி, என் வீட்டுக்காரர் அன்று காலை கஞ்சியைத் தோய்த்துவிட்டார். ஒருவரும் வரவில்லை. தாலியறுத்த தங்கையை, வாத்தியாரம்மா ஆவதற்குப் படிக்க இவர் சேலம் அனுப்புகிறாரே என்று தெருவுக்கே கோபம். பஸ்ஸுக்குப் பெட்டியோடு நின்ற என் நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"என்னாலதானுங்கண்ணா இது. நான் போகலீங்க" என்று பெட்டியை உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

 அப்போது எதிர்வீட்டுக்காரி இறங்கி வந்தாள். என் வயதுதான், தினமும் என்னோடு நூல் சுற்றுகிறவள்.

"பிரஷ்ஷை எடு புள்ளே. மத்தவங்களக் கூப்புடு."

"நீயே கூப்புடேன்."

"நான் கூப்புட்டாச் சண்டைக்குன்னு நெனப்பாங்க. நீ வாயத் தொறந்தா, அந்த அதிசயத்தைப் பாக்கவே தெரு வெளிய வரும். நான் பக்கத்துலயே நிக்கறேன், கூப்புடு."

கூப்பிட்டேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. "அக்கா! எல்லாரும் வாங்கக்கா! பாவு காயுது!"

ஒரு கதவு திறந்தது. இன்னொன்று. ஒன்பது பெண்கள் வந்துவிட்டார்கள்!

"பொம்பள தொட்ட பாவு தறியில நிக்குமா?" என்றார் வாசலில் நின்ற ஒருவர்.

"நீங்க கட்டியிருக்கற வேட்டிக்கு நூல் சுத்துனது யாருங்க மாமா? அதை அவுத்துப் போட்டுட்டுப் பேசுங்க!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

சத்தம் கேட்டு வந்த நாத்தனார் பிரஷ்ஷுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"பஸ் போயிரும் சாமி. அண்ணனைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு."

"பாவு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாங்க பாத்துக்கறமுங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் பாவின் ஓரமாகவே ஓடினார்கள். எங்கள் கையெல்லாம் கஞ்சி. கட்டிப் பிடிக்க முடியவில்லை. ஆளாளுக்கு, "போயிட்டு வா சாமி!" என்று கத்தினோம். பஸ் ஹாரன் கேட்டபோது நாங்கள் மறுமுனைக்கு வந்திருந்தோம். இழைகள் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு, இன்னொரு தடவை பிரஷ் போடத் திரும்பினோம்.