எட்டாவது பாடம்

போன செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து எனக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. என் ஆபீஸ் முத்திரை. அரைமணி நேரம் அதைப் பிரிக்காமல் மேஜைமேலேயே வைத்திருந்தேன். ஏன் என்று கேட்கிறீர்களா?

மின்பொறியியலில் மாஸ்டர்ஸ் படிக்க, ஒரு வருட லீவு கொடுத்து என்னை சிட்னிக்கு அனுப்பியது அந்த ஆபீஸ்தான். வந்த முதல் வாரமே பேராசிரியர் ஒரு தாளை நீட்டினார். அரைக்கால் சட்டை, முழங்கால் வரை சாக்ஸ்... மனிதர் அந்தக் கோலத்தில்தான் வகுப்பே எடுக்கிறார். எட்டுப் பாடங்களை நானே பொறுக்கி அந்தத் தாளில் எழுத வேண்டுமாம்.

ஏழு எழுதிவிட்டேன். எட்டாவது — எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் பாடம். அதற்காகத்தானே கடல் தாண்டி வந்தேன்! ஊரில் நாலு பேர் ஸ்லைடு ரூல் என்னும் கணக்குக் கோலோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டும் கணக்கு அது. ஆனால் ஆபீஸ் உத்தரவில் 'மின்பொறியியல்' என்றுதான் இருந்தது; கம்ப்யூட்டர் என்ற சொல்லே இல்லையே? மேலிடத்தைக் கேட்காமல் எப்படி? அந்த இடத்தைக் காலியாக விட்டு, ஆபீஸுக்குக் கடிதம் போட்டேன்.

கூடப் படிக்கும் சிவபாலன் — யாழ்ப்பாணத்துக்காரர் — தலையில் அடித்துக்கொண்டார்.

"படிக்கிறது நீர். சோதினை எழுதப் போறதும் நீர். பேனையை எடுத்து எழுதும், ஐசே!"

"இல்லப்பா... நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்றது?"

ஒரு வாரம். இரண்டு வாரம். பேராசிரியர் இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். மூன்றாவது முறை கேட்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் வகுப்பு நிரம்பிவிட்டது. இனி அடுத்த வருடம்தான் நடத்துவார்களாம். அடுத்த வருடம் நான் இங்கே இருக்க மாட்டேன். இடம் மிச்சமிருந்த ஏதோ ஒரு பாடத்தை எழுதிக் கொடுத்தேன்.

சரி, உறைக்கு வருவோம். உள்ளே இரண்டே வரி. 'பாடங்களைத் தேர்வது தங்கள் விருப்பம். இதற்கெல்லாம் அனுமதி தேவையில்லை.'

சிவபாலன் வாங்கிப் படித்தார். கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. "விடும், ஐசே" என்று கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். அதுதான் இன்னும் வலித்தது.

பதினைந்து வருட சர்வீஸில் ஒரு பென்சில்கூட நான் கேட்காமல் எடுத்ததில்லை. நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால்... பயம். வேறென்ன?

நேற்று ஆபீஸுக்கு இன்னொரு கடிதம் எழுதினேன் — இப்போது எடுத்திருக்கும் எட்டாவது பாடத்துக்கு அனுமதி கேட்டு. சிவபாலன் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தபாலில் போட வேண்டும்.