வாய் திறக்காத நோயாளி

வார்டில் அவளுக்கு ஓட்டக்காரி என்றே பெயர். அந்த நர்ஸ் நடந்து யாரும் பார்த்ததில்லை. சலைன் தீர்ந்துவிட்டதென்று ஒரு குரல் வரும். அங்கே போய்ச் சேர்வதற்குள் இன்னொருவர் வாந்தி எடுப்பார். நாலு பேர் பார்க்க வேண்டிய வார்டை இரண்டு பேராக இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர், ஓய்வு பெற்றவர். முதுகுத்தண்டில் அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் புண் வந்துவிடும். அவள் பக்கத்தில் போனாலே அவர் கையாட்டிவிடுவார்.

"என்னை விடும்மா, நான் எங்க ஓடிப்போகப் போறேன்? அந்தம்மாவுக்கு மூச்சு வாங்குது பாரு."

சிரித்துக்கொண்டே ஓடுவாள். தினமும் இதே கதைதான். அவர் பெருந்தன்மை அவளுக்கு வசதியாகப் போயிற்று.

வெளியூரிலிருந்து வந்த மகள், சட்டை மாற்றும்போது முதுகைப் பார்த்துவிட்டாள். அடிமுதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, நடுவே சீழ்.

"எங்கப்பாவை யாருமே திருப்பிப் படுக்க வைக்கலையா?"

"நான்தான்மா பார்த்திருக்கணும். சத்தம் போட்டவங்ககிட்டயே ஓடிட்டிருந்தேன். இவரை விட்டுட்டேன்."

மகள் கத்துவாள் என்று நர்ஸ் எதிர்பார்த்தாள். அவளோ, "போன்ல பேசினா உங்களைப் பத்தித்தான் சொல்லுவாரு, நல்ல பொண்ணுன்னு," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலைமை நர்ஸ் தனியாகக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார்.

"ஆள் பத்தலைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு உன் தலையில இழுத்துப் போட்டுக்கிற?"

"ஆள் பத்தலைதான் அக்கா. ஆனா யாரை விடுறதுன்னு முடிவு பண்ணது நான்தானே?"

தலைமை நர்ஸ் ஆள் கேட்டு மேலே மறுபடி பேசினார். பார்க்கலாம் என்றார்கள்.

புண் எலும்பைத் தொட்டது, காய்ச்சல் விடவில்லை. இப்போது அவள் தவறாமல் வந்து அவரைத் திருப்பினாள். பேசும் தெம்பு அவரிடம் இல்லை. ஒரு மத்தியான வேளையில் போய்ச் சேர்ந்தார். துடைத்து, துணி மாற்றி, தலை சீவிவிட்டாள். அன்று யார் கூப்பிட்டும் அவள் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை.

அதற்குப் பிறகு வேலைக்கு வந்ததும் வாய் திறக்காதவர்களிடம்தான் முதலில் போவாள். ஒரு நாள் அப்படி ஒருவரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, எதிர்க் கட்டில் கிழவி பாத்ரூமுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கையை நனைத்துவிட்டாள். அவமானத்தில் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதாள்.

ஓட்டக்காரி வெந்நீர் எடுத்து வந்தாள். "மன்னிச்சிடுங்கம்மா" என்றாள். போர்வை விலகவில்லை.