அடி அண்ணாமலை: மாடியில் இரண்டு அறைகள், மக்கர் பண்ணும் ஒரு பக்கம்

பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்பு திருவண்ணாமலைக்குப் போனேன். கிரிவலத்துக்கு அல்ல. ஓர் இணையதளத்தைப் பழுது பார்க்க.

கலைவாணி என் கல்லூரித் தோழி. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு வீட்டின் மருமகள். மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. மலை சுற்ற வருபவர்களுக்கு அவற்றை நாள் வாடகைக்கு விடலாம் என்பது அவள் யோசனை. முன்பதிவுப் பக்கத்தை நான் செய்து கொடுத்தேன். போன பௌர்ணமி முடிந்த கையோடு திறந்தோம். இதுவரை ஒருவரும் வரவில்லை.

அவள் மாமனார் ஏழுமலை கெடு வைத்துவிட்டார். வேங்கிக்காலில் வேலை பார்க்கும் ஒருவர் மாடியை மாத வாடகைக்குக் கேட்கிறார். செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு அவர் போன் செய்வார். அதற்குள் பக்கம் சரியாகாவிட்டால் மாடி அவருக்கு.

சென்னையில் எனக்கு நன்றாகத்தான் திறந்தது. குறை சொன்னவர்களோ ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நேரில் பார்த்தால்தான் தெரியும் என்று கிளம்பினேன். அவளைப் பார்க்கவும் ஒரு காரணம் வேண்டியிருந்தது.

செவ்வாய் காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் அரசுப் பேருந்து. டிக்கெட் இருநூறு ரூபாய்க்குள். திண்டிவனம், செஞ்சி வழி. செஞ்சி தாண்டியதும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது. பதறினேன். பிறகு வேறு ஒரு தளத்தைத் திறந்தேன். அதுவும் சுற்றியது. சிக்னல் இல்லை, அவ்வளவுதான். முதலில் செய்ய வேண்டியது இதுதான்: வேறொரு பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் திறக்காவிட்டால் குற்றம் தளத்தின் மீது இல்லை.

பத்தரைக்குப் பேருந்து நிலையம். ஆட்டோ, இருநூறு ரூபாய். அடையாளம் சொன்னேன்.

"மாடில ரூம் வுடறாங்களே, அந்த வூடா? போர்டே கிடையாதேம்மா."

"நெட்ல இருக்குண்ணா."

"நெட்ல இருந்தா ரோட்ல போறவனுக்கு எப்டித் தெரியும்?"

வலப்பக்கம் மலை கூடவே வந்துகொண்டிருந்தது.

"வாடி," என்றாள் கலைவாணி. இளைத்திருந்தாள். மாடி அறைகளில் புது வெள்ளைப் போர்வைகள். ஜன்னலைத் திறந்தால் மலை. யாரும் படுக்காத கட்டில்கள்.

குறைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். "பக்கமே இல்லையாம்" என்றார் ஒருவர். அவருக்கு அவள் அனுப்பிய முகவரியின் கடைசியில் ஒரு புள்ளி ஒட்டியிருந்தது. நீக்கினால் திறந்தது. அவள் செல்போனில் இன்னும் பழைய வாடகையே தெரிந்தது. பிரவுசர் சேமித்து வைத்திருந்த பழைய பக்கம் அது. சேமிப்பை அழித்ததும் புது வாடகை வந்தது. வீட்டு லேப்டாப்பில் "பாதுகாப்பற்ற தளம்" என்ற சிவப்பு எச்சரிக்கை. பயப்பட வேண்டாம், ஆனால் மீறி உள்ளே போகவும் வேண்டாம். முதலில் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள்; தேதி தவறாக இருந்தால் பிரவுசர் நல்ல தளத்தையும் சந்தேகப்படும். அந்த லேப்டாப்பின் தேதி பல வருஷம் பின்னால் இருந்தது. திருத்தியதும் எச்சரிக்கை போனது.

மிஞ்சியது ஒன்று. பௌர்ணமித் தேதியைப் போட்டு அழுத்தினால் ஒரு சிவப்பு வரி: "பதிவு செய்ய இயலவில்லை."

ஏன் இயலவில்லை என்று அது சொல்லவில்லை. அந்த வரியை எழுதியது நான். தளத்தின் பதிவுப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பௌர்ணமிக்கு இரண்டு அறைகளும் ஏற்கெனவே பதிவாகியிருந்தன. அதைத் தெரிவித்த மின்னஞ்சல்கள் அவளுடைய ஸ்பேமில் கிடந்தன. பதிவு செய்தவர் பெயர், ஏழுமலை.

"மாமா!" கலைவாணி மாடியிலிருந்தே கத்தினாள். "நீங்களா ரூம் போட்டீங்க?"

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். "ஆமா. வேலை செய்யுதான்னு பாக்க வேணாவா? நீ பாட்டுக்குச் சோறு தண்ணி இல்லாம அதையே நோண்டிக்கினு இருந்த. மொத நாளு ஒண்ணு போட்டேன், பதிவாச்சு. மறுநாளு ஒண்ணு போட்டேன், அதுவும் ஆச்சு. அதுக்கப்புறம்தான் கெட்டுப்போச்சு."

"கெடல மாமா. ரெண்டு ரூமையும் நீங்களே எடுத்துக்கினீங்க."

"எங்க வூட்ல எனக்கு எதுக்கும்மா ரூமு?"

"அதான் நானும் கேக்கறேன். அதுவும் பௌர்ணமிக்கு!"

"பௌர்ணமிக்குத்தான ஆளு வரும். அன்னிக்கு வேலை செய்யலன்னா நீதான அழுவ."

கலைவாணி சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு பதிவுகளையும் ரத்து செய்தேன். சிவப்பு வரியை மாற்றினேன்: இந்தத் தேதிக்கு அறைகள் நிரம்பிவிட்டன, வேறு தேதி பாருங்கள். மணி இரண்டு. இனி காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருந்த நேரத்தில் எழுதி வைத்தவை, வரப்போகிறவர்களுக்காக. பௌர்ணமிக்கு வருவதென்றால் அறையை முன்பே பிடித்துவிடுங்கள். அன்றைக்குக் கூட்டத்தில் சிக்னல் ரொம்பக் கம்மி. பக்கம் நின்றுபோனால் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள், இரண்டு பதிவாகிவிடும். உறுதி மின்னஞ்சலை ஸ்பேமிலும் தேடுங்கள். பிழைச் செய்தி வந்தால் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். "வேலை செய்யல" என்று மட்டும் சொன்னால் யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. சொந்தமாகத் தளம் வைத்திருப்பவர்கள் சோதனைக்குப் போட்ட பதிவை அன்றே நீக்கிவிடுங்கள்.

ஐந்து மணிவரை யாரும் பதிவு செய்யவில்லை. நான் ரீஃப்ரெஷ் செய்துகொண்டே இருந்தேன். கலைவாணி மாடிப்படியில் உட்கார்ந்து துவைத்த தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

கீழே போன் அடித்தது. ஏழுமலை எடுத்தார்.

"சொல்லுங்க சார்... இல்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, வேற வூடு பாத்துக்குங்க. மாடில எங்க மருமவ ரூம் வுடுது."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"ஆளா? வருவாங்க சார். இன்னிக்குத்தான சரியாச்சு."

படியில் கலைவாணியின் கை பாதி மடித்த உறையின்மேல் அப்படியே நின்றிருந்தது.