சாஆவுக்கு ஒரு வானொலி செட்டும் என் வாயும்

போன சனிக்கிழமை காலை 7.10க்கு ஸ்கூடாயிலிருந்து சாஆவுக்குக் கிளம்பினேன். காரணம், ஓர் இரும்புக் குழாய்.

சாஆ பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் நண்பன் மணியம், என் தொணதொணப்பு தாங்காமல் அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்தான். செட், ஏரியல், கேபிள் எல்லாம் என் யோசனை. வீட்டுக் கூரையில் ஆறு மீட்டர் குழாய் நட்டதும் நான் வரைந்து கொடுத்த படத்தின்படிதான். மூன்று வாரமாகியும் அதில் ஒரு மனிதக் குரல்கூட வரவில்லை. அவன் மனைவி பரமேஸ் கெடு வைத்துவிட்டாள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் யார் குரலாவது வரவேண்டும். இல்லாவிட்டால் குழாய் இறங்கி, துணி காயப்போடப் போய்விடும். அதுவரை இரண்டு பக்கமும் கைப்பேசியைத் தொடக்கூடாது. குழாய் இறங்கினால் மணியத்தின் வானொலி வாழ்க்கை முடிந்தது. செட் வாங்க என்னிடம் யோசனை கேட்க ஜோகூரில் இனி ஓர் ஆள் வரமாட்டான்.

பயணத்துக்கென்று தனி செட் வாங்காதீர்கள் என்பது நான் எல்லோருக்கும் சொல்வது. வீட்டு மேசையிலிருந்த 50 வாட் செட்டையே கழற்றிக் காரில் மாட்டினேன், வழியெல்லாம் நின்று மணியத்தை அழைத்துப் பார்க்க. (அலமாரியில் துண்டுக்கு அடியில் இருக்கும் மற்ற இரண்டைப் பற்றி இங்கே பேச்சில்லை.) மின்சாரத்தை பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து நேராக எடுங்கள், சிகரெட் லைட்டர் துளை இந்த செட்டுக்குத் தாங்காது. காந்த ஏரியலைக் கூரையின் நட்டநடுவில் வையுங்கள்.

ஓட்டியது அந்தோணி. சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. தினமும் எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று பழகியவன், அதனால் என் பேச்சையும் ரகசியங்களையும் தாங்குவான்.

பழைய சாலையைப் பிடித்தோம், டோல் கிடையாது. செடெனாக், 34 கிலோமீட்டர், மணி 8.00. அழைத்தேன், பதில் இல்லை. அவ்வளவு தூரத்துக்குப் பதில் வராது என்று தெரியும். தெரிந்தும் ரொட்டி சானாயை வாயில் வைத்துக்கொண்டே மூன்று முறை கடையிலிருந்து எழுந்து போய் ஏரியலை இந்தப் பக்கம் ஓர் அங்குலம், அந்தப் பக்கம் ஓர் அங்குலம் நகர்த்தினேன். இருவருக்கும் 9 ரிங்கிட் 20 சென். ருசி எப்படி என்று நினைவில்லை.

குளுவாங், 9.20. ஊர் தாண்டி மேட்டில் நிறுத்தி அழைத்தேன். நிசப்தம். அந்தோணி ஸ்டியரிங்கில் தாடையை ஊன்றிக்கொண்டு பார்த்தான்.

"அண்ணே, நீங்க பேசி முடிச்சதும் அந்தத் திரையில ரெண்டு கோடு ஆடுது."

"அது இன்ஜின் இரைச்சல், நீ ரோட்டப் பாரு."

"வண்டிய நிப்பாட்டி இன்ஜின அடைச்சாச்சுண்ணே."

பதினாறு வருட அனுபவசாலி நான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனிடம் பாடம் கேட்பேனா? கேட்கவில்லை.

பாலோ வந்தபோது 10.25. மொத்தம் 118 கிலோமீட்டர். இப்போது திரையில் நாலு கோடு. சத்தம் மட்டும் துளியும் இல்லை. டீக்கடைக்கும் காருக்கும் நடந்து நடந்து டீ ஆறிப்போனது. தப்பு என் பக்கம் இருக்க முடியாது, ஆகவே மணியம் பக்கம்தான். ஆளில்லாத அலைவரிசை மனிதனை என்னவெல்லாம் பேச வைக்கும் என்பது மைக் பிடித்தவர்களுக்குத் தெரியும். பட்டனை அழுத்தி, சோதனை ஒலிபரப்பு என்று ஆரம்பித்தேன். நான் சொன்ன தடித்த கேபிளை விட்டு மெல்லியதை வாங்கிய கஞ்சத்தனத்தைச் சொன்னேன். ஏரியலுக்கு அவன் மஞ்சள் குங்குமம் வைத்ததைச் சொன்னேன். கடைசியாக, பரமேஸுக்குக் காட்டியது ஒரு செட்தான், இன்னொன்று ஆபீஸ் மேசை மூன்றாவது இழுப்பறையில் உரக் கணக்குப் புத்தகத்துக்கு அடியில் படுத்திருக்கிறது என்பதையும் சொன்னேன். மனது லேசானது.

சாஆ கடைவரிசைக்குள் நுழைந்தபோது 11.20. இன்னொரு முறை அழைத்துவிட்டுக் கையை எடுத்தேன். செட் வெடித்ததுபோல் ஒரு குரல்.

"அண்ணே, நீங்க குளுவாங்ல கூப்பிட்டப்பலேருந்து பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன். தயவுசெஞ்சு இனிமே ஒண்ணும் பேசாதீங்க. பரமேஸ் பக்கத்துலதான் உக்காந்திருக்கா."

அந்தோணி காரை ஓரம் கட்டினான். அலமாக், அதாவது ஐயையோ, என்று மட்டும் சொன்னான்.

இரைச்சல் தடுப்புக் குமிழைப் பார்த்தேன். வலப்பக்கக் கோடியில் நின்றது. எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு விளக்குகளால் செட் எந்நேரமும் கொர்ரென்று இருக்கும். பொறுக்காமல் அதை முழுக்கத் திருகி வைத்தது நான்தான். அப்படி வைத்தால் இரைச்சலோடு, தூரத்துக் குரலுக்கும் கதவு சாத்திவிடும். பக்கத்துத் தெருவிலிருந்து வந்தால்தான் திறக்கும். அந்தோணி பார்த்த கோடெல்லாம் மணியத்தின் கதறல்.

பரமேஸ் கேட்டிலேயே நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வாங்கண்ணே. குளுவாங்லேயே கேட்டுச்சு, பாலோவுல நல்லா தெளிவா கேட்டுச்சு. குழா அங்கயே இருக்கட்டும். சாப்பிட்டுட்டு எல்லாரும் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வரலாம், மூணாவது இழுப்பறைக்கு."

மணியம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. நான் நிலைமையைச் சமாளிக்க, என்னிடமெல்லாம் ஒரே செட்தான் என்று ஒழுக்க போதனை செய்தேன்.

"துண்டுக்கு அடியில இருக்கறதயும் சேர்த்தாண்ணே?" என்றான் அந்தோணி. நாள் முழுக்க அவன் கேட்ட ஒரே கேள்வி.

மணி பன்னிரண்டரை. கைப்பேசித் தடை முடிந்துவிட்டதால், பரமேஸ் என் மனைவிக்கு அழைத்து அரை மணி நேரம் பேசினாள்.

போகிறவர்களுக்கு: போக 140 கிலோமீட்டர், போக வர பெட்ரோல் 38 ரிங்கிட். குளுவாங் மேடு அருமையான இடம், ஆனால் நிழல் கிடையாது. வீட்டு செட்டைக் காரில் மாட்டினால், இரைச்சல் கேட்கும் வரை அந்தக் குமிழை இடப்பக்கம் திருகி, பிறகு மெல்ல வலப்பக்கம் திருப்பி, அது அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். திரையில் கோடு ஆடினால் பட்டனைத் தொடாதீர்கள். இழுப்பறை செட் இப்போது பரமேஸுடையது. உரிமத் தேர்வுக்குப் படிக்கிறாள், என்னிடம்தான் பாடம்.

வீடு வந்து சேர்ந்தது 5.40க்கு. துண்டு அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் என் தட்டு இருக்கும் இடத்தில் இரண்டு செட்டும் இருந்தன.