பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும்

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. நேராப்பார் என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். மாடிப்படிக்கு அடியில், தலை இடிக்காமல் இருக்க இரண்டே இடம் உள்ள ஓர் அறையில் அவர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் ஸ்டூல், வந்தவருக்கு. இன்னொரு இடத்தில் அவர். "நேராப் பாருங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிச் சொல்லி, அதையே தெரு அவருக்குப் பெயராக வைத்துவிட்டது.

ஸ்டூலுக்கும் அவருக்கும் நடுவில் நான்கரை அடி. இருபத்தாறு வருஷமாக ஒரே இடத்தில் நின்றதில் சிமென்ட் தரையில் இரண்டு பாதத்துக்கு மட்டும் வழவழப்பு ஏறியிருந்தது. இருட்டில் வந்தாலும் கால் அங்கேதான் போய் நிற்கும்.

அவர் எடுத்த படம் எந்த அலுவலகத்திலிருந்தும் திரும்பி வந்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டார், மழை பெய்தது என்பதுபோலச் சொல்வார். இரண்டு காதும் தெரிய வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். நிழல் விழக் கூடாது. பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். இந்த ஐந்துக்கு மேல் ஒரு மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றும் கிடையாது என்பது அவர் எண்ணம். இதைத் தத்துவம் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஐந்துக்கும் குறைவான சாமான்களோடு மனிதனை விளக்கக் கிளம்பிய தத்துவங்கள் உண்டு. அவற்றைவிட இது மோசமில்லை.

அவர் மனைவி ஒரு ஆஸ்பத்திரியில் துணிக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவள். படுக்கை விரிப்பை விரலால் தேய்த்துப் பார்த்தே இது இன்னும் எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவாள். வேலை இடத்து அடையாள அட்டையைப் புதுப்பிக்க ஒருநாள் வீட்டில் பழைய படம் தேடினாள். டப்பாவில் அவள் படங்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. வருஷம் மாறியிருந்தது, கன்னம் மாறியிருந்தது, மற்றபடி எல்லாம் ஒரே படம். கல்யாணத்தில் படம் எடுத்தவர் கணவருடைய நண்பர். அவருக்கும் இதே தொழில். அவரும் தோளோடு நிறுத்தியிருந்தார்.

"என்னங்க, நம்ம வீட்டுல நான் தோளோட முடிஞ்சிடறேன்" என்றாள்.

அவருக்கு அதில் என்ன குறை என்று விளங்கவில்லை. நாளைக்குத் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால், பார்க்கிறவர்கள் இந்தப் பெண்ணுக்குக் காலே கிடையாது என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா என்று அவள் கேட்டாள். செத்தவர்களின் காலை யார் தேடப் போகிறார்கள் என்றார் அவர். அன்றைக்கு அந்தப் பேச்சு அதோடு நின்றது.

நின்றாலும் அவள் விடவில்லை. கூட வேலை பார்க்கும் பெண்கள் போய்வந்த ஒரு வெளிநாட்டுச் சுற்றுலாவில் இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆறு நாள், பஸ்ஸில் இருபது பேர், போகிற இடமெல்லாம் பழைய கோயில்களும் சிலைகளும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பின்னால் பெரிய கோயில், முன்னால் அவள், கால் தெரிய வேண்டும். அதற்கென்று சிவப்பு வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கினாள். "அதென்ன பெரிய விஷயம், செஞ்சிடலாம்" என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார்.

பெட்டியில் வீட்டிலிருந்து ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பையும் எடுத்து வைத்தாள். ஓட்டல் விரிப்புகளின் பூர்வோத்தரம் தனக்குத் தெரியும் என்றாள்.

முதல் கோயிலில் அவளைப் படிக்கட்டில் நிற்கச் சொல்லிவிட்டு அவர் பதினைந்து அடி தள்ளிப் போனார். கேமராவைக் கண்ணில் வைத்தார். வைத்ததும் கால் நடக்க ஆரம்பித்தது. அது அவருக்குத் தெரியாது. பட்டனை அழுத்தும்போது அவளுக்கு நேரே நான்கரை அடியில் நின்றிருந்தார். "வாயை மூடு, நேராப் பாரு" என்று வேறு சொல்லியிருந்தார். படத்தைப் பார்த்த அவள், இதற்குக் கடல் தாண்டி வந்திருக்க வேண்டாம், கடை ஸ்டூலே போதும் என்றாள். அவரும் ஒத்துக்கொண்டார். கடையில் பின்னணி சுத்தமாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அன்று சாயங்காலம்தான் அவர் கண்ணில் சிலை பட்டது. ஆள் உயரத்தில் கல்லில் ஒரு ராஜா. சுற்றி வந்தவர்கள் கிரீடத்தைப் பார்த்தார்கள், வாளைப் பார்த்தார்கள். நேராப்பார் பார்த்தது வேறு. இரண்டு காதும் தெரிகிறது. கண் திறந்திருக்கிறது. வாய் மூடியிருக்கிறது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஒத்துழைக்கிற ஆளை அவர் கண்டதில்லை. பின்னால் இருந்த செடிகள்தான் கெடுத்தன.

"அந்த விரிப்பைக் கொஞ்சம் எடு" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று நாளும் அவளுக்கு அதே வேலை. சிலைக்குப் பின்னால் போய் நின்று இரண்டு கையையும் உயர்த்தி விரிப்பைப் பிடிப்பாள். சுருக்கமில்லாமல் பிடிக்க அவளைப் போல ஆள் கிடைக்காது, தொழில் அப்படி. முன்னால் இருப்பது ராஜாவா, யாளியா, தவம் செய்கிறவரா என்று அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்த வெளிநாடு முழுக்க வெள்ளையாக இருந்தது. படங்களில் மேலே இரண்டு ஓரத்திலும் நான்கு நான்கு விரல் தெரியும். பஸ்ஸில் ஒருவர் இந்தத் தம்பதிக்குச் சலவைக் கடை என்று பேச்சைக் கிளப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் கண்மூடி உட்கார்ந்திருந்த ஒரு பெரிய முனிவர் முன்னால் நேராப்பார் மாட்டிக்கொண்டார். கண் மூடியிருந்தால் படம் செல்லாது. கைக்குழந்தைகளுக்குச் செய்வதைப் போல விரலைச் சொடுக்கினார். நாக்கால் டொக் டொக் என்றார். சாவிக்கொத்தைக் குலுக்கினார். விரிப்புக்குப் பின்னாலிருந்து மனைவி என்ன சத்தம் என்று கேட்டாள். விஷயத்தைக் கேட்டதும், அவர் எண்ணூறு வருஷமாக மூடியிருக்கிறார், பஸ் நாலு மணிக்குக் கிளம்புகிறது, இரண்டில் எது முதலில் நடக்கும் என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்றாள். கை வலித்ததால் குரல் கொஞ்சம் கறாராக வந்தது.

ஒவ்வொரு நாளும் தன் படத்தை ஞாபகப்படுத்திக்கொண்டுதான் இருந்தாள். அவரும் முயற்சி செய்துகொண்டுதான் இருந்தார். கால் முன்னால் வந்துகொண்டுதான் இருந்தது. கடைசிக் கோயில்தான் இருப்பதிலேயே பெரியது, அங்கே கட்டாயம் எடுத்துவிடலாம் என்றார்.

அந்தக் கடைசிக் கோயிலின் முற்றத்தில் கல் வீரர்கள் நாற்பத்திரண்டு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லாரும் நேரே பார்த்தபடி. நேராப்பார் முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. முதல் வீரனுக்குப் பின்னால் விரிப்பு எழுந்ததுமே விசில் சத்தம் கேட்டது. காவலாளி ஒருவன் ஓடிவந்து ஏதோ கேட்டான். பஸ்ஸோடு வந்திருந்த வழிகாட்டி இரண்டு பாஷையும் தெரிந்தவன். எதைச் சொன்னாலும் ஒரு வார்த்தை விடாமல் மாற்றிச் சொல்கிற ஆசாமி. இது சடங்கா, விளம்பரமா, அனுமதிக் கடிதம் உண்டா என்று கேட்பதாகச் சொன்னான். இரண்டும் இல்லை, அடையாளப் படம் என்றார் நேராப்பார். யாருக்கு என்று கேட்டான் காவலாளி. நேராப்பார் வீரனைக் காட்டினார்.

காவலாளி சிரிக்கவில்லை. மூவரையும் ஓர் ஓரத்து அறைக்கு அழைத்துப் போனான். அங்கே மேஜைக்குப் பின்னால் கோப்புகளுக்கு நடுவில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். ராஜா, யாளி, இன்னொரு ராஜா. எழுந்து அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜையில் போட்டார்.

விஷயம் இதுதான். சிலைகள் திருடு போகாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை தயார் செய்யும்படி தலைமையகத்திலிருந்து உத்தரவு. அதில் படம் ஒட்ட வேண்டும். எட்டு வருஷத்தில் பதினோரு தடவை அனுப்பி, பதினோரு தடவையும் திரும்பி வந்திருந்தது. காரணங்கள் சிவப்பு மையில் இருந்தன. நிழல் விழுந்துள்ளது. பின்னணியில் ஆடு. பணியாளரின் முழங்கை. ஒரு காது தெரியவில்லை. நேராப்பார் ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தலைமையகம் சொன்னது சரிதான் என்றார். வழிகாட்டி அதையும் அப்படியே மாற்றிச் சொன்னான். அதிகாரி தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்.

உலகத்தின் ஒரு மூலையில் ஒருவன் ஐந்து விதிகளோடு வாழ்ந்துகொண்டிருக்க, இன்னொரு மூலையில் அதே ஐந்து விதிகளிடம் ஒருவர் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறார். இதற்கு அர்த்தம் உண்டா என்று கேட்டால், அனேகமாக இல்லை. ஆனால் நேராப்பார் தன்னைப் புரிந்துகொண்ட ஒரு நாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். நாற்பத்திரண்டு பேரையும் இன்றே எடுத்துத் தருவதாகச் சொன்னார். பஸ் கிளம்பாமலிருக்க அதிகாரி வெளி வாசல் தடுப்பை இறக்கச் சொன்னார். மனைவியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் விரிப்பை எடுத்துக்கொண்டு போய் நின்றாள்.

இருபத்து மூன்று பேர் முடிந்தார்கள். இருபத்து நாலாவது வீரனுக்குப் பின்னால் விரிப்பு கொஞ்சம் தாழ்ந்தது.

"கொஞ்சம் மேல" என்றார் நேராப்பார்.

விரிப்பு மொத்தமாகக் கீழே வந்தது. வீரனின் தோளுக்கு மேலே அவள் முகம் தெரிந்தது. விரிப்பை நான்கு மூலையும் பொருந்த மடித்து அவன் காலடியில் வைத்தாள்.

"நாளைக்குக் காலையில நம்ம விமானம்."

"தெரியும். இன்னும் பத்தொம்போதுதான்..."

"இந்தக் கல்லுக்கெல்லாம் அடையாளம் ஆயிடுச்சு. நான் இந்த ஊருக்கு வந்தேன்னு சொல்ல என்ன இருக்கு? என் விரல் இருக்கு. ஊருக்குப் போனதும் அதையும் வெட்டிடுவீங்க."

வெட்டுவதாகத்தான் இருந்தார்.

அவள் போய்க் கோயில் படிக்கட்டில் நின்றாள். பெரிய கோபுரம் முழுதாகப் பின்னால் இருந்தது. அவர் பதினைந்து அடி தள்ளி நின்றார், கேமராவை வைத்தார், நான்கரை அடிக்கு வந்து சேர்ந்தார். திரும்பப் போனார், திரும்ப வந்தார். காவலாளி தரையில் ஒரு கோடு கிழித்துக் கொடுத்தான். கோட்டைத் தாண்டி வந்தார். ஏன் இந்த மனிதர் நடந்துகொண்டே இருக்கிறார் என்று அதிகாரி கேட்க, வழிகாட்டி பஸ்ஸில் அவளிடம் கேட்டு வைத்திருந்த இருபத்தாறு வருஷக் கதையையும் முப்பது படங்களையும் காலையும் தோளையும் பற்றிச் சொன்னான். அதிகாரி யோசித்தார். கோரிக்கை நியாயமானது என்று முடிவு செய்தவர் போலத் தெரிந்தது. காவலாளி பின்னாலிருந்து நேராப்பாரின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். அதிகாரி ஒரு தோளைப் பிடித்துக்கொண்டார்.

கேமரா கண்ணுக்குப் போனதும் நேராப்பார் முன்னால் சாய்ந்தார். இரண்டு பேரும் இழுத்துப் பிடித்தார்கள். கிணற்றில் குதிக்கப் போகிறவனைத் தடுப்பது போல இருந்தது. போக முடியாததால் அவர் பார்த்தார். தூரத்தில் சின்னதாக ஒரு பெண் நின்றிருந்தாள். நினைத்ததைவிடக் குட்டையாக இருந்தாள். எடை முழுவதையும் இடது காலில் போட்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நிற்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். இவள் அப்படி நிற்பவள் என்பது இருபத்து நாலு வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இருந்தாலும் பழக்கம் போகவில்லை. "வாயை மூடு, நேராப் பாரு" என்றார். வழிகாட்டி உடனே அதை மாற்றிச் சொன்னான். அதிகாரியும் காவலாளியும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு நேரே பார்த்தார்கள். மூன்று ஆண்கள் ஒருவரையொருவர் இழுத்தபடி, உதட்டை இறுக்கிக்கொண்டு, தன்னையே முறைப்பதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். படம் விழுந்தது.

அவள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். கண் இடுங்கியிருந்தது. பல் தெரிந்தது. ஒரு காதை முடி மறைத்திருந்தது. தூணின் நிழல் நெற்றியில் விழுந்திருந்தது. பின்னணியில் கோயில், மேகம், பாதி பஸ், யாரோ ஒருவருடைய தொப்பி. ஐந்து விதியிலும் தோற்ற படம் ஒன்றை நேராப்பார் முதன்முதலாக எடுத்திருந்தார்.

"இது திரும்பி வந்துடும்" என்றார் மெல்ல.

"இதை எங்கயும் அனுப்பப் போறதில்ல."

படத்தை விரலால் பெரிதாக்கிக் கீழே நகர்த்தினாள். இரண்டு காலும் இருந்தன. சிவப்பு வாரும் தெரிந்தது. இடது செருப்பில் வார் அவிழ்ந்து கிடந்தது. பரவாயில்லை என்றாள். பிறகு போய் விரிப்பை எடுத்து ஓர் உதறு உதறினாள்.

"வாங்க, இன்னும் பத்தொம்போது பேர் நிக்கிறாங்க" என்று கூப்பிட்டாள்.

நேராப்பார் போகவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போக நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. காவலாளி இன்னும் பெல்ட்டை விடவில்லை. விடச் சொல்லி அவனுக்கு யாரும் மாற்றிச் சொல்லவில்லை.